ஈயச் சட்டியில் சவுக்குக் குச்சி

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். எங்கள் சித்தப்பாவிடம் இருப்பது ஃபைபர் படகு, அதற்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு வலை வேலை குவிவது அந்த இரண்டு மாதத்தில்தான். விசைப்படகில் போகும் சொந்தக்காரர்கள் கரையில் இருப்பார்கள், கைக்கு ஆள் கிடைக்கும், வெயிலும் நன்றாக அடிக்கும். கிழிந்து போன வலையை ஒதுக்கிவிட்டு, அடிக்கயிற்றில் இருக்கும் ஈயக்குண்டுகளை மட்டும் கழற்றி உருக்கி, புது வலைக்கு வார்த்துக்கொள்வோம். கடையில் புதுக் குண்டு கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஈயம் விற்கிற விலையில், கையில் இருப்பதை யார் விடுவார்கள்?

நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. படகில் ஏறினால் முகத்துவாரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பேன். அதனால் குடும்பத்தில் எனக்கென்று விழுந்த வேலை இந்த ஈயம் உருக்குவது. "இரும்பு படிச்சவன்தான நீ, இதையும் பாரு" என்று சித்தப்பா ஒரு நாள் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். பதினோரு வருடம் ஆகிறது. அதில் முதல் மூன்று வருடம் நான் செய்ததெல்லாம் தப்பு என்று இப்போது தெரிகிறது.

சித்தப்பாவின் முறை எளிது. மூன்று செங்கல், விறகு, கனமான பழைய இரும்புச் சட்டி. ஈயம் உருகியதும் ஒரு கம்பியால் நாலு சுற்றுச் சுற்றுவார். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டும். கரண்டியால் வழித்து மணலில் வீசுவார். உடனே அடுத்த ஏடு வரும். அதையும் வழித்து வீசுவார். பாலில் ஏடு எடுக்க எடுக்க வருமே, அதே கதை. "அழுக்குடா, போகட்டும்" என்பார்.

ஒரு நாள் அந்த அழுக்கை ஆறவிட்டு எடுத்துப் பார்த்தேன். அழுக்கு என்றால் பொடிப்பொடியாக, லேசாக இருக்க வேண்டும். இதுவோ கட்டியாகக் கனத்தது. சுத்தியலால் தட்டினால் உள்ளே பளபளவென்று ஈயம். மீன் நிறுக்கும் தராசில் வைத்தேன். 18 கிலோ உருக்கியதில் வீசி எறிந்தது ஒன்றேகால் கிலோ. சித்தப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் தராசு முள்ளையே பார்த்தார். "இத்தன வருஷமா இந்த மணல்ல எவ்வளவு போட்டிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

என்ன நடக்கிறது என்றால், உருகிய ஈயம் காற்று பட்டதும் ஆக்சைடு ஆகிறது. நாட்டு மருந்துக் கடையில் மஞ்சளாக மிருதார்சிங்கி என்று ஒன்று வைத்திருப்பார்கள், அது ஈய ஆக்சைடுதான். இந்த ஆக்சைடு மெல்லிய தோலாகப் படர்ந்து, நல்ல ஈயத்தையே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவிடுகிறது. நாம் வழித்து எறிவது பெரும்பாலும் அந்தப் பொட்டலங்களை. பொட்டலத்தை உடைக்க வேண்டும், முடிந்த அளவு ஆக்சைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கி அதையும் ஈயமாக்க வேண்டும். இரும்புக் கம்பி முதல் வேலையை அரைகுறையாகச் செய்யும். இரண்டாவதற்குக் கரி வேண்டும், இரும்பால் ஆகாது.

வலைக்குண்டு வார்ப்பவர்கள் யாராவது இதை எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்கள் சொன்னது. அமெரிக்காவில் சொந்தமாக ஈயக் குண்டு வார்த்துச் சுடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் ஈயத்தோடு வெள்ளீயமும் (டின்) ஆன்டிமனி என்ற உலோகமும் கலப்பார்கள். ஆன்டிமனி கடினத்துக்கு. வெள்ளீயம் கலந்தால்தான் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். காற்று பட்டால் அந்த வெள்ளீயம்தான் முந்திக்கொண்டு ஆக்சைடாகி மேலே வரும். வழித்து எறிந்தால் இருப்பதிலேயே விலை கூடிய சரக்கு போய்விடும். அதனால் மரத்தூள், மெழுகு, காய்ந்த மரக்குச்சி என்று எதையாவது போட்டுக் கிளறி, அதைத் திரும்ப உள்ளே இறக்குகிறார்கள். துப்பாக்கிக் குண்டு வார்ப்பதெல்லாம் நம் ஊரில் ஆயுதச் சட்டத்தில் மாட்டிவிடும் சமாச்சாரம். நான் எடுத்துக்கொண்டது அந்தக் கிளறும் வித்தையை மட்டும்.

குச்சி எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் அழகான விஷயம். மெழுகோ மரத்தூளோ மேலேயே மிதக்கும். உருகிய ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் 10 மடங்குக்கு மேல், அதில் இதெல்லாம் அடியில் நிற்காது. குச்சியை மட்டும்தான் நம் கையால் அடி வரைக்கும் அழுத்திப் பிடிக்க முடியும். அங்கே அது கருகுகிறது. கரி, புகை, மரத்திலிருந்து கிளம்பும் வாயு எல்லாம் அடியிலிருந்து குமிழ் குமிழாக மேலே வந்து சட்டி முழுவதையும் புரட்டுகிறது. சட்டிச் சுவரில் ஒட்டிய மண், துரு, உப்பு எல்லாம் அந்தக் குமிழோடு சேர்ந்து மேலே வந்துவிடும். கம்பியால் அரை மணி நேரம் கிண்டினாலும் வராத கசடு, குச்சியால் ஐந்து நிமிடத்தில் வரும்.

ஆனால் எந்தக் குச்சி என்பதில்தான் நான் பட்டபாடு.

முதலில் எடுத்தது கரையில் கிடந்த பழைய படகுப் பலகைத் துண்டு. வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்தது, எலும்பு மாதிரி லேசாக இருந்தது. இதைவிடக் காய்ந்த மரம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். ஈயத்தில் விட்டதும் சட்டி பொரிய ஆரம்பித்தது. அப்பளம் பொரிகிற மாதிரி இல்லை, கடுகு வெடிக்கிற மாதிரி. ஒரு துளி ஈயம் புறங்கையில் விழுந்தது, கைலியில் நாலு ஓட்டை. பிறகுதான் புரிந்தது: அந்த மரம் முழுக்கக் கடல் உப்பு. உப்பு ஏறிய மரம் பகலில் காயும், இரவில் கடற்காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு டப்பா நசநசக்கிறதே, அதேதான். கடற்கரையில் ஒதுங்கிய மரம், கட்டுமரத் துண்டு, உடைந்த துடுப்பு, எதுவும் இதற்கு ஆகாது. பழைய படகு மரத்தில் பெயிண்டும் ஏறியிருக்கும், அந்தப் புகையும் வேண்டாம்.

அடுத்தது மூங்கில். லேசு, நீளம், கை சுடாது. கணு இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. தீபாவளி போல ஒரு சத்தம். நல்லவேளை, அப்போது சட்டியில் இரண்டு கிலோதான் இருந்தது, நானும் தள்ளி நின்றேன். மூங்கில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பிளந்து சீவியதாக இருக்க வேண்டும். நான் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

தென்னை மட்டை நார் நாராகப் பிரிந்து ஈயத்தில் மிதந்தது. பிளைவுட் துண்டு பசை நாற்றத்தில் கண்ணைக் கரித்தது. முந்திரி மரக் கிளையைப் பற்றிக் கேட்டபோது பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், கூடவே முந்திரிக் கொட்டை ஓட்டையும் அடுப்பில் போடு, நன்றாக எரியும் என்றார். எரிந்தது நெருப்பு மட்டும் இல்லை. அந்த ஓட்டு எண்ணெய்ப் புகை தோலில் பட்டால் கொப்பளிக்கும், தொண்டையைப் பிடிக்கும். நல்ல மனிதர்தான், யோசனை மட்டும் மோசம்.

கடைசியில் நின்றது சவுக்கு. எங்கள் கடலூர், புதுச்சேரிக் கடற்கரை ஓரமெல்லாம் சவுக்குத் தோப்பு, விறகுக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். கனமான மரம், மெதுவாகக் கருகும், உதிராது. ஆனால் விறகுக் கடைச் சவுக்கு பெரும்பாலும் பாதிப் பச்சை. அதை வாங்கி, பட்டையை உரித்து, நடுவில் பிளந்து, தகரக் கூரை மேல் ஒரு சித்திரை, ஒரு வைகாசி வெயில் காட்டினால்தான் நம்பலாம். பட்டையை உரிக்காமல் விட்டால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். காய்ந்த மரம் ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்று கேட்கும், பச்சை மரம் மொத்தென்று கேட்கும். எடை வைத்தும் பார்ப்பேன்: இரண்டு வார இடைவெளியில் நிறுத்து, குறையவில்லை என்றால் சரி.

சவுக்கைவிட ஒரு படி மேல் என்றால் பைன் மரம். அதில் பிசின் இருக்கிறது, அது தனியாக வேலை செய்யும். எங்கள் கம்பெனிக்கு இறக்குமதி இயந்திரம் வரும் பெட்டியும் பாலெட்டும் பைன்தான், உடைந்ததைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதில் முத்திரை பார்த்து எடுங்கள். HT என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. MB என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, அதைத் தொட வேண்டாம்.

வடிவம் எங்கள் வீட்டு மரத் தோசைத் திருப்பியைப் பார்த்துச் செய்தது. இரண்டடி நீளம், இரண்டு விரல் அகலம், அடி சமமாக இழைத்தது. நுனி கூராக இருந்தால் சட்டியின் அடியை வழிக்க முடியாது. இரண்டடியில் ஆரம்பித்தால் ஒரு சீசனுக்குள் கருகிக் கருகி ஒரு சாண் ஆகிவிடும். கை நெருங்கும் முன்பே தூக்கி அடுப்பில் போட்டுவிட வேண்டும். இன்னும் நாலு தடவை வரும் என்று கணக்குப் பார்க்கக் கூடாது.

குச்சியை விடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் பலரும் அவசரத்தில் கோட்டைவிடுகிறார்கள். எவ்வளவு காய்ந்த குச்சியானாலும் முதலில் அடுப்பு ஓரத்தில் பத்து நிமிடம் சாய்த்து வையுங்கள். கை பொறுக்காத சூடு ஏற வேண்டும். அப்புறம் நுனியில் அரை அங்குலம் மட்டும் ஈயத்தில் தொட்டுப் பிடியுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழ் வரும், சத்தம் கேட்கும். சத்தம் அடங்கும் வரை பொறுங்கள். பிறகு ஒரு அங்குலம். மறுபடி அடங்கட்டும். இப்படியே அடி வரை. மொத்தம் இரண்டு மூன்று நிமிடம்தான். ஒரேயடியாகச் செருகினால் மரத்துக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் ஒரே நேரத்தில் நீராவியாகக் கிளம்பும்.

ஈரம் ஏன் இத்தனை பயம் என்றால், ஒரு மில்லி தண்ணீர் நீராவி ஆனால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சட்டியின் மேலே விழுந்த துளி சுர்ரென்று போய்விடும், பெரிய கெடுதல் இல்லை. ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட துளிதான் மேலே இருக்கும் ஈயத்தையெல்லாம் தூக்கி நம் முகத்தில் அடிக்கும். செம்பு சுத்தம் செய்யும் ஆலைகளில் பச்சை மரக் கழியையே உருகிய செம்பில் செருகி ஆக்ஸிஜனை எடுப்பது பழைய வழக்கம். அது ஆலை, அதற்கு ஏற்ற உலை, தூர நிற்கும் ஆட்கள். அதைப் படித்துவிட்டு வீட்டுச் சட்டியில் பச்சைக் குச்சி விடாதீர்கள்.

குச்சியால் இன்னொரு உபயோகம், அதுவே தெர்மாமீட்டர். ஈயம் 327 டிகிரியில் உருகும். வார்க்க 350 முதல் 400 வரை போதும். குச்சியை விட்டதும் நுனி பழுப்பாகி, கருகி, புகை விட்டுக்கொண்டு தீப்பிடிக்காமல் இருந்தால் சூடு சரி. மேலே இருக்கும் பாகம் குப்பென்று பற்றிக்கொண்டால் சூடு அதிகம், விறகை இழுத்துவிட வேண்டும். சுத்தமான ஈயமாக இருந்தால் அதிகச் சூட்டில் மேற்பரப்பில் பொன் நிறமும் நீலமும் மயில் கழுத்து மாதிரி ஓடும். பார்க்க அழகு, ஆனால் ஈயம் வீணாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது என் முறை இப்படி. ஈயம் உருகியதும் ஒரு கைப்பிடி மரத்தூள் தூவுவேன். மர அறுவை மில்லில் சும்மா கிடைக்கும், இரண்டு நாள் வெயில் காட்டியது. மஞ்சள் புகை கிளம்பும், தீக்குச்சி கிழித்துக் காட்டினால் புகையே எரிந்துவிடும், ஊர் கூடாது. தூள் கருகிக் கரியானதும் குச்சியை இறக்கி, அடியிலிருந்து மேலாக, சட்டிச் சுவரை வழித்து வழித்துக் கிளறுவேன். ஐந்து நிமிடம். மேலே கட்டிய அந்தச் சாம்பல் நிற ஏடு இருந்ததே, அது கண் முன்னாலேயே காய்ந்து, கறுப்பும் பழுப்புமான பொடியாக உதிரும். கீழே ஈயம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி நிற்கும். அந்தப் பொடியை வழித்தால் கரண்டியில் கனமே இருக்காது. அதே அளவு ஈயத்துக்கு முன்பு ஒன்றேகால் கிலோ போனது என்றேன் அல்லவா, இப்போது கால் கிலோவைத் தாண்டுவதில்லை. வார்த்து முடியும் வரை மேலே கொட்டாங்கச்சிக் கரித்தூள் ஒரு விரல் கனத்துக்கு மூடி வைப்பேன், காற்று படாது.

மெழுகுவர்த்தித் துண்டு போட்டாலும் ஏடு உடையும். ஆனால் சட்டென்று தீ எழும்பும், கரியும் மிச்சம் நிற்காது. குங்கிலியம் நன்றாகவே வேலை செய்தது. அந்தக் காலத்தில் மரப்படகு இடுக்கை அடைக்க எண்ணெயில் காய்ச்சிப் பூசியது இதைத்தான், பிசின் எல்லாம் ஒரே சாதி. அம்மாதான் எட்டிப் பார்த்து, "சாமிக்கு வாங்கி வச்சத சட்டியில போட்டு யாருக்குடா தூபம் காட்டுற?" என்றார்கள். அத்தோடு நின்றது. நவச்சாரம் போட்டுப் பாருங்கள் என்று பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவர் சொன்னார். பித்தளைப் பாத்திரத்துக்கு அது சரி, என் சட்டியில் வெள்ளைப் புகை கிளம்பி இருமல் வந்தது, மறுநாள் இரும்புச் சட்டி துருப்பிடித்து நின்றது. அவர் பூசுவது வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். நான் உருக்குவது காரீயம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒரு வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஆகாது. இந்தச் சட்டியையோ கரண்டியையோ சமையலுக்குத் திரும்ப எடுக்கவே கூடாது என்பதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். நான் சட்டிப் பிடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், ஈயத்தின் கனத்தைச் சூட்டில் தாங்காது.

வலையிலிருந்து கழற்றும் பழைய குண்டைப் பற்றி ஒன்று. கயிற்றைச் சுற்றி மடித்து அடித்த குண்டு அது. மடிப்புக்குள் மணல், சிப்பி, நைலான் நூல், கடல் தண்ணீர் எல்லாம் இருக்கும். ஒரு கார்த்திகை மாதம், அவசர வேலை. சட்டியில் ஈயம் உருகி நிற்கிறது, கொஞ்சம் குறைகிறது என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த பழைய குண்டு இரண்டை எடுத்துப் போட்டேன். வெளியே காய்ந்துதான் இருந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. அடுத்த நொடி சட்டியில் இருந்ததில் பாதி கூரைத் தகரத்தில் ஒட்டியிருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. இடது முன்னங்கையில் இரண்டு தழும்பு இன்னும் இருக்கிறது. சித்தப்பா ஓடி வந்து கையைத் தண்ணீர்க் குடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே திட்டினார்: "ஈரத்த ஈயத்துகிட்ட கொண்டாராதன்னு எத்தன தடவ சொல்றது?" அவர் அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அன்றிலிருந்து பழைய குண்டெல்லாம் குளிர்ந்த சட்டியில்தான் போவது, நெருப்பு அதற்குப் பிறகு. சூடு மெல்ல ஏறும்போதே ஈரம் போய்விடும். நடுவில் சேர்க்க வேண்டுமென்றால் தனிச் சட்டியில் அரை மணி நேரம் சுட வைத்துத்தான் சேர்ப்பது. வானம் கறுத்தால் அன்று வேலை கிடையாது.

எந்த ஈயம் என்பதிலும் சறுக்கியிருக்கிறேன். புதுச்சேரியில் மூடிய ஒரு அச்சகத்திலிருந்து பழைய அச்செழுத்து பழைய இரும்புக் கடைக்கு வந்தது, மலிவாகக் கிடைத்தது. ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்தது அது. கரண்டியில் அள்ளியபோது மேலே ஒரு 'ழ' கிடந்தது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக. கொம்பு முதலில் மழுங்கி, அப்புறம் சுழி, அப்புறம் வெறும் பளபளப்பு. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட வருத்தம், வார்த்த குண்டைக் கயிற்றில் மடித்து அடித்தபோது விண்டுபோனது. ஆன்டிமனி கலந்தால் ஈயம் கடினமாகிவிடும், மடியாது. துப்பாக்கிக் குண்டுக்காரர்கள் தேடி அலையும் சரக்கு எனக்கு உதவவில்லை. மடித்து அடிக்கும் குண்டுக்கு நகத்தால் கீறினால் கோடு விழும் மென்மையான ஈயம்தான் வேண்டும். அச்செழுத்து ஈயத்தை நடுவில் ஓட்டை விட்டு வார்க்கும் தூண்டில் குண்டுக்கு வைத்துக்கொண்டேன்.

டயர் கடையில் கிடைக்கும் வீல் எடைகளிலும் இப்போது துத்தநாகம் நிறைய. அது 419 டிகிரியில்தான் உருகும், அதனால் சூட்டை 400க்குள் வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் ஈயம் கூழாகி அச்சில் ஓடாது. பேட்டரித் தகடு பக்கமே போகாதீர்கள். அதில் அமிலம், ஈய சல்பேட், இன்னும் என்னென்னவோ. அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் வரக்கூடும். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வதே லாபம்.

அச்சு நான் செய்தது அம்மாவின் உடைந்த கல்சட்டியின் அடிப்பாகத்தில். மாக்கல் ஆணியால் குடைந்தாலே வரும், சூட்டுக்கு வெடிக்காது. ஆனால் வருடக்கணக்கில் வத்தக்குழம்பு குடித்த கல். அடுப்பு ஓரத்தில் அரை நாள் வாட்டிய பிறகுதான் ஈயம் ஊற்றினேன். சிம்னி விளக்குப் புகை காட்டிக் கரி ஏற்றினால் குண்டு ஒட்டாமல் கழன்று வரும். முதல் இரண்டு குண்டு சுருக்கம் விழுந்து வரும், அச்சு இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். திரும்பச் சட்டியில் போட்டுவிட வேண்டியதுதான், கரண்டியால் மெதுவாக.

உடம்பு விஷயத்தில் நான் முதலில் புகையைப் பார்த்துத்தான் பயந்தேன். இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உண்மையான எதிரி அந்தக் கறுப்புப் பொடி. லேசாக இருப்பதால் காற்றில் பறக்கும், கையில் ஒட்டும், அந்தக் கையோடு பீடி, டீ, வெற்றிலை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் சுலபத்தில் வெளியே போகாது, எலும்பில் தங்கும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்தப்பா இத்தனை வருடம் மணலில் வீசியது ஈயம் மட்டும் இல்லை, அந்தப் பொடியும்தான், அந்த மணலில்தான் நாங்கள் எல்லாரும் விளையாடினோம். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசையும். பொடியை வழித்ததும் நேராக மூடி போட்ட பெயிண்ட் டப்பாவுக்குள் போடுவேன். டப்பா நிறைந்ததும் ஈயக் கழிவு எடுக்கும் உரிமம் உள்ள ஆளிடம் கொடுப்பது. அடுப்பு இருக்கும் இடம் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, திறந்த வெளியில். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், வீட்டுப் பக்கம் வராது. மத்தியானம் கடற்காற்று திரும்புவதற்குள் முடித்துவிடுவேன். முழுக்கை பருத்திச் சட்டை, ஷூ, கண்ணாடி, தோல் கையுறை. பாலியெஸ்டர் கூடாது, துளி பட்டால் தோலோடு உருகி ஒட்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பது. வெறும் தண்ணீரில் அலசினால் ஈயம் போகாது.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சித்தப்பா வலைக்குக் குண்டு பூட்டும்போது, கயிற்றில் மாட்டி, வாயில் வைத்துப் பல்லால் கடித்து மடிப்பார். அவர் அப்பாவும் அப்படித்தான் செய்தாராம். கடலூர் பஜாரில் நல்ல கொறடு ஒன்று வாங்கி, கயிறு கட்டி, அவர் உட்காரும் இடத்துப் பந்தக்காலில் தொங்கவிட்டேன். போன தடைக்காலத்தில் போய்ப் பார்த்தால், கொறடு அப்படியே தொங்குகிறது, சித்தப்பா வாயில் குண்டு.

"கொறடு இருக்கே சித்தப்பா."

குண்டைத் துப்பிக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "அது கைக்கு எட்டலடா." எழுந்து போய் கயிற்றை ஒரு முழம் இறக்கிக் கட்டினேன். கடிக்காமல் நாலு குண்டு பூட்டினார். ஐந்தாவதை வாய்க்குக் கொண்டுபோனவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கொறட்டை எடுத்தார்.